லாலி துரைக்கு வந்த ஏழரை

1766 மே 9 அன்று பாரிஸில் ஒரு ஜெனரலின் தலையை வெட்டினார்கள். போகிற வழியில் ஏதாவது பேசித் தொலைக்கப் போகிறாரே என்று வாயில் கட்டை கொடுத்து அடைத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வெட்டினார்கள். அவர் பெயர் தோமஸ் ஆர்தர் லாலி. இந்தியாவில் பிரெஞ்சுக் கும்பினியின் பிழைப்பைக் கவிழ்த்தவர் என்று குற்றச்சாட்டு. ஆறு வருஷம் கழித்து, 1772-ல், அதே பாரிஸில் ஒரு புத்தகம் அச்சானது. பீக்கிங்கில் இருந்த ழோசெஃப் மரி அமியோ என்கிற சேசு சபைப் பாதிரியார் சீனத்திலிருந்து பெயர்த்து அனுப்பிய சுன் சூவின் போர்நூல். ஐரோப்பிய மொழி ஒன்றில் சுன் சூ வாய் திறந்தது அப்போதுதான். ஒரு தளபதியைக் கவிழ்க்கக்கூடிய குணங்கள் எவையெவை என்று அதன் எட்டாவது அதிகாரத்தில் ஐந்து வருகின்றன. ஆளைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த பிறகு மருந்துச் சீட்டு வந்து சேர்ந்த கதைதான்.

இப்போது அந்த ஐந்தை வைத்துத்தான் கம்பெனிக் கம்பெனியாக வகுப்பு நடக்கிறது. ஓட்டல் ஹாலில் ஏ.சி. போட்டு, சமோசாவும் டீயும் கொடுத்து, திரையில் ஒரு டிராகன் படத்தைக் காட்டி, தலைமைப் பண்பின் பலவீனங்கள் என்று ஆரம்பிப்பார்கள். உதாரணத்துக்கு அமெரிக்கக் கார் கம்பெனிகள், ஜப்பான் கம்பெனிகள் என்று போவார்கள். காரைக்கால்காரனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் இல்லை. அரசலாறு கடலில் விழுகிற இடத்தில் நின்றால் போதும். 1758 ஆகஸ்டில் லாலி துரை தஞ்சாவூரிலிருந்து ஓடிவந்து நின்ற ஊர் இது.

முதலில் அந்த ஐந்து என்னென்ன என்று பார்த்துவிடுவோம். முரட்டுத் துணிச்சல். உயிராசை. முன்கோபம். தன் யோக்கியதை மேல் ஒரு தூசு படக்கூடாது என்கிற ரோஷம். ஆட்கள்மேல் அளவு மீறிய பரிவு. உயிராசையையும் கோபத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் மூன்றும் மேடை போட்டு மாலை போடுகிற குணங்கள். சுன் சூ இவற்றைத் தளபதியின் குற்றங்கள் என்று சொன்னாலும் அதோடு நிற்கவில்லை. உன்னிடம் இது இருந்தால் எதிரி இதைப் பிடித்து உன்னை இழுப்பான் என்கிறார். அவர் கணக்கில் இவை கைப்பிடிகள். இழுக்கிறவன் எதிரியாகத்தான் இருப்பான் என்று அவர் நம்பிவிட்டார். பாண்டிச்சேரியில் இருந்த கும்பினிக் கவுன்சிலைப் பார்த்திருந்தால் இன்னொரு அதிகாரம் சேர்த்திருப்பார்.

லாலி பிறந்தது பிரான்ஸில். அப்பா அயர்லாந்துக்காரர், இங்கிலாந்து ராஜாவோடு ஒத்துவராமல் வந்த கூட்டம். 1745-ல் ஃபோந்தனுவா சண்டையில் லாலி அயர்லாந்துப் படையோடு இங்கிலீஷ்காரன் மேல் பாய்ந்து பேர் வாங்கினார். கும்பினி டைரக்டர்களுக்கு அப்போது இந்தியாவில் இரண்டு தலைவலி. ஒன்று இங்கிலீஷ்காரன். இன்னொன்று சொந்த உத்தியோகஸ்தர்கள். கும்பினிக்கு நஷ்டம், கும்பினி ஆட்களுக்கு மட்டும் லாபம் என்கிற அதிசயக் கணக்கு அங்கே நடந்துகொண்டிருந்தது. ஆகவே சண்டையும் போடத் தெரிந்த, கையும் சுத்தமான ஒருவர் வேண்டும் என்று லாலியைக் கேட்டார்கள். போர் மந்திரி தார்ழான்சோன் வேண்டாம் என்றார். இந்த ஆள் நெருப்பு. ஒழுங்கில் ஒரு இம்மி பிசகினாலும் வெடிப்பார். நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்கிற கருத்துப்பட அவர் எச்சரித்ததாகச் சொல்வார்கள். டைரக்டர்கள் கேட்கவில்லை. அந்த நெருப்புக்காகத்தானே கேட்கிறோம் என்று கையெழுத்து வாங்கிப் போனார்கள். எந்த ஆபீஸிலும் இது நடக்கும். ஆளைப் பற்றி விசாரிப்பது வேண்டாம் என்று முடிவு செய்வதற்காக அல்ல, எடுத்த முடிவுக்கு ஒரு தாள் கிடைக்கட்டும் என்பதற்காக.

1758 ஏப்ரல் 28-ல் லாலி பாண்டிச்சேரியில் இறங்கினார். கோட்டையிலிருந்து மரியாதைக்குப் பீரங்கி முழங்கியது. மரியாதைக்குச் சுடும்போது மருந்து மட்டும்தான் போட வேண்டும். யாரோ குண்டையும் போட்டுவிட்டார்கள். அவர் வந்த கப்பலிலேயே நாலைந்து குண்டு பாய்ந்தது. தவறுதலாக நடந்தது என்றுதான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படியே எழுதிவைக்கிறேன்.

அவர் குளித்தாரோ சாப்பிட்டாரோ, அன்றைக்கே கடலூர்ப் பக்கம் படையை விரட்டினார். கட்டுச்சோறு இல்லை, வழி தெரிந்த ஆள் இல்லை, சாமான் சுமக்க மாடு இல்லை. படை இருட்டில் வழி தவறிச் சுற்றியது. மாடு எங்கே என்று கேட்டால் கவர்னர் லெரி கையை விரித்தார். சரி, மனிதர்களைப் பூட்டு என்றார் லாலி. பாண்டிச்சேரியில் கையில் கிடைத்தவர்களையெல்லாம், எந்தச் சாதி என்று கேட்காமல், சுமக்கவும் இழுக்கவும் பிடித்துவரச் சொன்னார். 1789 புரட்சி வருவதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே சமத்துவத்தை நுகத்தடியில் அமல்படுத்திய பிரெஞ்சுக்காரர் இவர் ஒருவர்தான். ஊரே கொந்தளித்தது. உயர்ந்த குடிகளை இழுக்க வைத்துவிட்டானே என்றுதான் கொந்தளிப்பு. அதுவரை இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி யாரும் கொந்தளித்ததாகத் தெரியவில்லை.

இருந்தும் துணிச்சல் வேலை செய்தது. கடலூர் விழுந்தது. ஜூன் 2-ல் தேவனாம்பட்டினத்துச் செயிண்ட் டேவிட் கோட்டையும் விழுந்தது. அடுத்து சென்னப்பட்டணம்தான் என்று லாலி மீசையை முறுக்கியபோது, கஜானாவில் காசில்லை என்று சொல்லிவிட்டார்கள். கப்பல் படைத் தலைவர் தாஷேவும் சென்னைக்கு வரமாட்டேன் என்றார்.

அப்போதுதான் லவூர் பாதிரியார் காதில் ஓதினார். இவரும் சேசு சபைதான். ஒரு பாதிரி பீக்கிங்கில் சீன ஏடுகளோடு உட்கார்ந்திருந்த அதே சமயம், சபையின் இன்னொரு பாதிரி பாண்டிச்சேரியில் லாலிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். லாலியின் கெட்ட நேரம், இந்தப் பாதிரி கையில் அகப்பட்டார். யோசனை இதுதான்: 1749-ல் தஞ்சாவூர் ராஜா பிரதாப சிங் நம் கூட்டாளி சந்தா சாகிபுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. தொகை 56 லட்சம் ரூபாய். போய் வசூல் பண்ணிக்கொண்டு வாருங்கள்.

கழுத்தில் கத்தி வைத்து எழுதி வாங்கிய பத்திரம், அதுவும் ஒன்பது வருஷப் பழசு. அதை வசூலிக்க ஒரு தளபதி தானே நேரில் போகிறார். தஞ்சை நாட்டைப் பற்றித் தெரிந்தவன் யாராவது கூட இருந்திருந்தால், துரை, இந்த ஜில்லாவில் கைமாற்றாய்க் கொடுத்த நூறு ரூபாயே திரும்பி வராதே என்று சொல்லியிருப்பான்.

படை கிளம்பியது. கொள்ளிடம் தாண்டித் தேவிக்கோட்டை வந்தபோது பசி. அங்கே இருந்தது நெல். அரிசி இல்லை, நெல். குத்துவதற்கு உரலும் இல்லை உலக்கையும் இல்லை. காவிரி டெல்டாவின் நடுவில் நின்றுகொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வயலைப் பார்த்துக்கொண்டு, லொரேன் பட்டாளத்துச் சிப்பாய்கள் கையில் நெல்லை வைத்துக்கொண்டு விழித்தார்கள். எதிரி நாட்டிலேயே சாப்பாட்டைத் தேடிக்கொள் என்று சுன் சூவும் சொல்லியிருக்கிறார். உலக்கையை எடுத்துக்கொண்டு போ என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

தரங்கம்பாடி டேனிஷ்காரனைத் தாண்டி ஜூன் கடைசியில் காரைக்கால் வந்து சேர்ந்தார்கள். 1738-ல் தஞ்சாவூரோடு பேரம் பேசி, பேசினபடி கொடுக்காமல் ராஜா இழுத்தடித்து, 1739-ல் சந்தா சாகிபின் கைத்தடியால் பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்த ஊர். இங்கே மாடும் மாவும் குவித்துவைத்திருப்பார்கள் என்பது லாலியின் நம்பிக்கை. இருந்தது சொற்பம். முன்னால் வந்த படை அதிலும் பாதியைத் தின்று தீர்த்திருந்தது. பாக்கி ஏற்பாடெல்லாம் பாண்டிச்சேரியிலிருந்து வர வேண்டும். ஃபைல் பாண்டிக்குப் போயிருக்கிறது என்கிற வாக்கியத்தை காரைக்காலில் இன்றைக்கும் எந்தக் கவுண்டரில் நின்றாலும் கேட்கலாம். அது இந்த ஊரின் தேசிய கீதம். அதைக் கேட்டுக் கொதித்த முதல் பெரிய மனிதர் லாலிதான் என்பது என் துணிபு. மாடு அனுப்பாவிட்டால் கவர்னரையும் கவுன்சில் மெம்பர்களையும் வண்டியில் பூட்டுவேன் என்று அவர் எழுதியதாக ஒரு கதை உண்டு. சொல்லக்கூடியவர்தான்.

காரைக்காலிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் திருநள்ளாறு. அந்தப் பக்கம் போய் நளதீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட்டு, எள் தீபம் ஏற்றியிருக்கலாம். அவருக்கு அப்போது ஏழரை ஆரம்பித்த சமயம். பாண்டிச்சேரியில் கால் வைத்த நாளிலிருந்து பாரிஸில் தலை போன நாள் வரை எண்ணினால் எட்டு வருஷம், பதினோரு நாள். சனி பகவான் வட்டியும் சேர்த்து வாங்கியிருக்கிறார். லாலி போனது தெற்கே, நாகூருக்கு.

நாகூர் வியாபாரிகள் விவரமானவர்கள். விலை உயர்ந்த சரக்கையெல்லாம் முன்னாலேயே அப்புறப்படுத்திவிட்டார்கள். மிச்சத்தைக் கொள்ளையடிக்கிற உரிமையைக் குதிரைப்படைக் கர்னல் ஒருவருக்கு இரண்டு லட்சத்துக்கு லாலி குத்தகை விட்டார். கொள்ளையைக்கூட டெண்டர் விட்டு நடத்தியதில்தான் இந்த மனிதரின் நேர்மை தெரிகிறது. அவர் பைக்கு ஒரு காசு போகவில்லை.

கீழ்வேளூரில் சிரிக்க எதுவும் இல்லை. கோயிலில் புதையல் இருக்கிறது என்று தரையைத் தோண்டினார்கள், குளத்தைத் துழாவினார்கள், தங்கம் என்று நினைத்துச் சிலைகளைத் தூக்கினார்கள். பித்தளை. கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்த பிராமணர்கள் ஆறு பேரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். சாமி இருக்கிற இடத்தை விட்டுப் போக மனமில்லாமல் நின்றவர்களாகத்தான் இருக்க வேண்டும். லாலியின் மேல் எனக்கு எங்கெங்கோ வருகிற இரக்கம் இந்த ஊரில் மட்டும் வராது. அந்தச் செய்தி அவருக்கு முன்னால் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு ஒரு படி அரிசி விற்க ஆள் இல்லை.

பிரதாப சிங் சுன் சூவைக் கேள்விப்பட்டதுகூட இருக்காது. ஆனால் மராட்டிய ராஜா, தஞ்சாவூரில் இருக்கிறவர், கடன்காரனைச் சமாளிப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தரமாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. தருகிறேன், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். தளபதி மானோஜியை விட்டுப் பேசச் சொன்னார். லாலி இறங்கி வர வர, இன்னும் கொஞ்சம் பேசலாம் என்றார். பேச்சு நடக்கிற நாளெல்லாம் லாலியின் படை சாப்பிட்டாக வேண்டும். அதே சமயம் திருச்சிராப்பள்ளியில் இருந்த இங்கிலீஷ் கேப்டன் கையோவுக்கு ஆள் போயிற்று. சிப்பாய்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது கைப்பிடியை ராஜா இப்படி நிதானமாக இழுத்துக்கொண்டிருக்க, லாலி வெடித்தார். உன்னையும் உன் குடும்பத்தையும் அடிமைகளாக மொரீசியஸ் தீவுக்கு ஏற்றுமதி செய்வேன் என்று சொல்லி அனுப்பினார். பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு ராஜாவைச் சண்டை போடுகிற ராஜாவாக மாற்ற இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. கோட்டைச் சுவரில் பிரெஞ்சுப் பீரங்கி ஓட்டை போட்டது வாஸ்தவம். ஓட்டை போட்டு முடிக்கும்போது சிப்பாய்க்கு ஆளுக்கு இருபது தோட்டா பாக்கி. சாப்பாடு இரண்டு நாளைக்கு. அந்த நேரத்தில் சேதி வந்தது: ஆகஸ்ட் 3-ல் நாகப்பட்டினத்துக்கு எதிரே கடற்சண்டை, தாஷே அடி வாங்கிப் பின்வாங்கிவிட்டார், இங்கிலீஷ் கப்பல்கள் காரைக்காலை எந்நேரமும் பிடிக்கலாம். காரைக்கால் போனால் தஞ்சாவூரில் நிற்கிற படைக்குத் திரும்ப வழி கிடையாது. கிளம்புவோம் என்று முடிவாயிற்று.

கிளம்புகிற நாள், ஆகஸ்ட் 10 விடியற்காலை. தஞ்சாவூர்க் கோட்டையிலிருந்து ஐம்பது குதிரைக்காரர்கள் நிதானமாக வருகிறார்கள். காவல்காரன் நிறுத்துகிறான். ராஜாவிடம் சம்பளம் சரியில்லை, துரையிடம் வேலைக்குச் சேர வந்தோம் என்கிறார்கள். வேலை கேட்டு வந்தவர்களை முதலாளியிடம்தானே அழைத்துப்போக வேண்டும்? லாலி அப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுந்தவர். உள்ளே போட்டிருந்த கால்சட்டையோடு, கையில் ஒரு தடியோடு வெளியே வந்தார். ஜமேதார் குதிரையைத் தட்டி முன்னால் வந்தான். விண்ணப்பத்தை நீட்டவில்லை, கத்தியை ஓங்கினான். லாலி தடியால் தடுத்தார். அவருடைய ஆப்பிரிக்க வேலையாள் துப்பாக்கியால் ஜமேதாரைச் சுட்டான். அவ்வளவுதான், கோட்டைக்குள்ளிருந்து படை வெள்ளமாகப் புறப்பட்டது. கால்சட்டையோடு நின்று தடியால் கத்தியைத் தடுக்கிற துணிச்சலை யாரும் குறைசொல்ல முடியாது. ஒரு தளபதி அந்த நிலைக்கு எப்படி வந்தார் என்பதுதான் சுன் சூவின் கேள்வி.

திரும்புகிற வழியெல்லாம் தாகம். ஆடி மாதத்தில் தஞ்சை நாட்டில் தண்ணீர் இல்லாமல் தவித்த படை இதுவாகத்தான் இருக்கும். குளம் இருந்த இடத்திலெல்லாம் மானோஜியின் குதிரை நின்றது. கனமான பீரங்கிகளைக் கிணற்றில் தள்ளிவிட்டு, திருவாரூர் வழியாக, ஆகஸ்ட் 18-ல் காரைக்கால் வந்து சேர்ந்தார்கள். அப்பாடா என்று கடலைப் பார்த்தால், ஆற்று முகத்துவாரத்துக்கு எதிரே கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டிருந்தன. அத்தனையும் இங்கிலீஷ் கப்பல்.

தாஷே இரண்டாம் கைப்பிடிக்காரர். உயிராசை என்று சொன்னால் அவருக்கு அநியாயம். காலில் காயம் பட்டவர், கப்பல்கள் ஓட்டை, ஆள் பற்றாக்குறை, வடகிழக்குப் பருவமழையும் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ஆசை கப்பல்கள் மேல். அவற்றைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், சண்டை என்று ஒன்று நடந்தால் அது வழியில் நேர்ந்த விபத்து. லாலி கெஞ்சினார், கத்தினார். செப்டம்பர் தொடக்கத்தில் தாஷே மொரீசியஸுக்குப் பாய் விரித்தார். அடுத்த வருஷம் வந்து இன்னொரு சண்டை போட்டு, நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்து நாலாவது, யோக்கியதை மேல் உள்ள ரோஷம். லாலி உண்மையிலேயே காசு தொடாதவர். கும்பினிக் கணக்கைப் பார்க்கிற அதிகாரமும் அவரிடம் இருந்தது. இறங்கின அன்றிலிருந்து கவுன்சில் மெம்பர் ஒவ்வொருவரையும் திருடன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பாதிப்பேரைப் பற்றி அது சரியாகவும் இருந்திருக்கும். அதுதான் சிக்கல். தணிக்கை அதிகாரியும் தளபதியும் ஒரே ஆளாக இருந்தால், அவர் ஜெயிப்பது யாருக்கு ஆதாயம்? மாடு வராது, காசு வராது, அரிசி வராது. ஆனால் ஒவ்வொன்றும் வராததற்கு ஒரு கடிதம் வரும், மிக மரியாதையாக. அவர் பதிலுக்கு வசவு எழுதுவார். வசவுக் கடிதங்கள் எல்லாம் பத்திரமாக அலமாரியில் அடுக்கப்படும். இங்கிலீஷ்காரனுக்கு லாலியின் கோபம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கவுன்சிலுக்கு அது முதல் வாரத்திலேயே மனப்பாடம்.

ஐந்தாவது, ஆட்கள் மேல் பரிவு. இந்தக் கதை முழுக்கத் தேடிப் பார்த்தாலும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

மற்றது வேகமாக முடிந்தது. தெக்காணத்தில் நிஜாமையே கைக்குள் வைத்திருந்த புஸ்ஸியைத் திருப்பி அழைத்து அந்தப் பக்கத்தைக் கோட்டைவிட்டார். 1758 டிசம்பரில் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். கறுப்பர் பட்டணத்தில் கிடைத்த சாராயத்தில் அவர் சிப்பாய்களில் பாதிப்பேர் விழுந்தார்கள். பிப்ரவரியில் இங்கிலீஷ் கப்பல் வந்ததும் திரும்பினார். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் இங்கிலீஷ் தளபதி அயர் கூட் அடித்த அடியில் முதுகெலும்பு போயிற்று. ஏப்ரலில் காரைக்கால் இங்கிலீஷ்காரன் கைக்கு மாறியது. 1761 ஜனவரி 16-ல் பாண்டிச்சேரியே சரணடைந்தது. இத்தனையையும் நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப்பிள்ளை அதற்கு நாலு நாள் முன்புதான், ஜனவரி 12-ல், கண்ணை மூடியிருந்தார். கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் போனதில் அவருக்கு நஷ்டமில்லை.

லாலி கோட்டையை விட்டுக் கைதியாகப் போகும்போது கூடிநின்று ஊளையிட்டவர்கள் இங்கிலீஷ்காரர்கள் அல்ல, சொந்த அதிகாரிகள். அவருக்குப் பின்னால் வந்த துய்புவா என்கிற கணக்கதிகாரியை அங்கேயே ஒருவன் வாளால் குத்திக் கொன்றான். ஊழல் கணக்கெல்லாம் அந்த மனிதர் கையில் இருந்தது. பிணத்தை எடுக்கும் முன் காகிதங்கள் மறைந்துவிட்டன. லவூர் பாதிரியார் செத்த பிறகு அவர் பெட்டியில் லாலியைப் பற்றி இரண்டு அறிக்கைகள் இருந்தன என்றும், ஒன்று புகழ்ந்தும் இன்னொன்று கிழித்தும் எழுதப்பட்டிருந்தன என்றும், எது விலைபோகிறதோ அதை நீட்டலாம் என்று வைத்திருந்தார் என்றும் ஒரு கதை உண்டு. கோர்ட்டுக்குப் போனது கிழித்து எழுதினது.

இங்கிலாந்தில் கைதியாக இருந்த லாலி, என்மேல் குற்றமா, நான் போய்ப் பதில் சொல்கிறேன் என்று தானே அனுமதி வாங்கிக்கொண்டு பாரிஸுக்குப் போனார். நாலாவது கைப்பிடியை அவரே தங்கமுலாம் பூசிக் கவுன்சில் கையில் கொடுத்தார். பாஸ்டில் சிறையில் விசாரணை இல்லாமலேயே மாதக்கணக்கில் கிடந்தார். பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். வோல்த்தேர் வருஷக்கணக்கில் எழுதி எழுதி, 1778 மே மாதம் அரசர் சபை அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. தலைக்குப் பயன் இல்லை.

லாலியால் சுட்டுக்கொண்ட பிரெஞ்சு அரசாங்கம் அடுத்த தடவை உஷாராயிற்று. நெருப்பு வேண்டாம், பதமான ஆள் வேண்டும். 1783-ல் இந்தியாவுக்குத் தளபதியாக வந்து இறங்கியவர் யார் என்று பார்த்தால், நம்ம புஸ்ஸி. அறுபதைத் தாண்டிவிட்டது, கீல்வாதம், தெக்காணத்தில் சேர்த்த சொத்து ஊரில் பத்திரமாக இருக்கிறது. லாலி எதற்கும் நிற்க மாட்டார், புஸ்ஸி எதற்கும் நகர மாட்டார். அவர் கடலூர்க் கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இங்கிலீஷ் படை வந்து சுற்றி வளைத்தது. சுப்ரேன் என்கிற அடங்காத கப்பல் தளபதி கடலில் இங்கிலீஷ்காரனை விரட்டினார். பிறகு, பிரான்ஸும் இங்கிலாந்தும் எப்போதோ சமாதானமாகிவிட்டன என்று சேதி வந்தது. புஸ்ஸி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.